லைட் பாலா, வெயிட் பாலா?

சேலம் கடைவீதிப் பக்கம் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் போய், கிரிக்கெட் ஆட "டென்னிஸ் பால் ஒண்ணு கொடுங்கண்ணா" என்று கேட்டால் பந்து உடனே கைக்கு வராது. "லைட்டா, வெயிட்டா தம்பி?" என்ற கேள்விதான் முதலில் வரும். எடைதான் வேறு, இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே மினுமினுப்பான ரோமம், கிட்டத்தட்ட அதே அளவு. நம் ஆட்கள் மட்டை வாங்க ஊரெல்லாம் விசாரிப்பார்கள், பிடிக்குக் கிரிப் மாட்ட அரை நாள் செலவழிப்பார்கள். பந்து என்று வந்தால் மட்டும் "போன தடவை வாங்கினதையே கொடுங்க" என்று முடித்துவிடுவார்கள். ஆட்டத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தப் பந்துதான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பந்தைக் காற்று என்ன செய்கிறது என்பதுதான்.

காற்று ஒரு பந்தைப் பின்னால் இழுக்கும் விசை நான்கு விஷயங்களைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, பந்தின் குறுக்குப் பரப்பு, அதன் மேற்பரப்பு, வேகம். இதில் வேகம் பொல்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். பந்தின் எடை இந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் அந்த இழுவை பந்தை எவ்வளவு தடுமாற வைக்கும் என்பதை எடைதான் முடிவு செய்கிறது. ஒரே இழுவை இலேசான பந்தைச் சட்டென்று நிறுத்திவிடும், கனமான பந்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

எண்ணில் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். டென்னிஸ் விதிப்படி பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன்மீது காற்றின் இழுவை அதன் எடையைப்போல ஒன்றரை மடங்கு. அதாவது புவியீர்ப்பு கீழே இழுப்பதைவிடக் காற்று பின்னால் இழுப்பது அதிகம். அதே வேகத்தில் 156 கிராம் கிரிக்கெட் பந்துக்கு இழுவை அதன் எடையில் பாதிதான். கோல்ஃப் பந்துக்கோ மூன்றில் ஒரு பங்கு.

கோல்ஃப் பந்து இத்தனைக்கும் டென்னிஸ் பந்தைவிட எடை குறைந்தது, அதிகபட்சம் 45.93 கிராம்தான். அப்புறம் எப்படி அது காற்றை இப்படி ஏய்க்கிறது? விட்டம் 4.27 சென்டிமீட்டர் என்பதால் காற்றில் மோதும் பரப்பு குறைவு. அது பாதிக் காரணம். மீதிப் பாதி அதன் மேலுள்ள குழிகள். 19ஆம் நூற்றாண்டில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை இறுக்கிச் செய்த வழவழப்பான பந்துகளால்தான் கோல்ஃப் ஆடினார்கள். அடிபட்டுக் கீறலும் தழும்புமான பழைய பந்து புதிய பந்தைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அதற்குப் பிறகு பந்தை வேண்டுமென்றே கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். 1905இல் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் குழிவான வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்.

குழி செய்யும் வேலை இது. பந்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் வழவழப்பான பந்தில் பாதி தூரம் வருவதற்குள்ளேயே பிய்த்துக்கொண்டு விலகிவிடும். பந்தின் பின்னால் அகலமான, அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகி அதுவே பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் வெளிக்காற்றிடமிருந்து வேகத்தை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் பந்தோடு ஒட்டிப் போகும். பின்னால் உள்ள அந்த அழுத்தம் குறைந்த பகுதி சுருங்கும், இழுவை கிட்டத்தட்டப் பாதியாகும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். சொரசொரப்பு நல்லதென்றால் டென்னிஸ் பந்தில் ரோமமே இருக்கிறதே, அது ஏன் நன்றாகப் பறக்கவில்லை? அதிலும் காற்றுப் படலம் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் ரோமத்தின் ஒவ்வொரு இழையும் தனியாகக் காற்றில் நின்று ஒரு சின்ன இழுவையைச் சேர்க்கிறது. லாபத்தையெல்லாம் அது விழுங்கிவிடுகிறது. தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். சர்வ் போடுமுன் மூன்று நான்கு பந்துகளை வாங்கி, உருட்டிப் பார்த்து, இரண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். ரோமம் படிந்த பந்து வேகமாகப் போகும், அதை முதல் சர்வுக்கு வைத்துக்கொள்வார்கள். ரோமம் கிளம்பிய பந்து மெதுவாகப் போகும். நம்மூரில் சிமெண்டுத் தரையில் நாலு நாள் ஆடி மொட்டையான பந்து திடீரென்று 'சர்'ரென்று வர ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம்.

சரி, லைட்டா வெயிட்டா என்பதற்கு வருவோம். வெயிட் பாலின் எடை லைட் பாலைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 85 கிராம் அளவில், என்று வைத்துக்கொள்வோம். பந்துவீச்சாளர் 100 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால், 18 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்ஸ்மேனிடம் வரும்போது லைட் பாலின் வேகம் 70 ஆகியிருக்கும். வெயிட் பால் 78இல் வரும், கிரிக்கெட் பந்து 89இல் வரும். தரையில் பட்டு இழப்பதைச் சேர்க்காத கணக்கு இது. லைட் பாலில் வேகப்பந்து வீச்சாளர்கள் பாவம். கையிலிருந்து கிளம்பும் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துபோகிறது.

அடிப்பவரிடமும் காற்று இதே வரியை வசூலிக்கும். காற்றே இல்லாத உலகில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சரியான கோணத்தில் தூக்கிய பந்து 79 மீட்டர் போய் விழும். சேலத்துக் காற்றில் அதே அடி, சுழற்சி இல்லாத லைட் பாலை 40 மீட்டர் அளவில் இறக்கிவிடும். சரியாகப் பாதி காணாமல் போகிறது. வெயிட் பால் 45 மீட்டரைத் தாண்டும். "செம அடிடா, ஆனா நடுவுலயே செத்துப்போச்சு" என்று எல்லைக்கோட்டில் கேட்ச் கொடுத்தவர் புலம்புவது பொய்யில்லை. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: வெயிட் பால் மட்டையை விட்டுக் கிளம்பும் வேகமே கொஞ்சம் குறைவாக இருக்கும், மட்டை இலேசாக இருந்தால் இன்னும் குறையும். லைட் பால் மட்டையை எடுத்துக்கொண்டு வெயிட் பால் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு நஷ்டத்தையும் சேர்த்தே அனுபவிப்பார்கள்.

சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் ஆடி வளர்ந்து 2020ஆம் ஆண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். அவருடைய பேர் சொல்லும் ஆயுதம் யார்க்கர். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் யார்க்கருக்கு ஏன் அத்தனை மவுசு என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. டென்னிஸ் பந்து காற்றில் வேகம் இழந்து, தரையில் பட்டதும் துள்ளி எழுந்து, பேட்ஸ்மேனின் இடுப்புயரத்தில் 'வா, அடி' என்று நிற்கும். துள்ளவே இடம் கொடுக்காமல் காலடியில் இறக்குவதுதான் அங்கே பிழைக்கும் வழி.

அந்தத் துள்ளல் எங்கிருந்து வருகிறது? டென்னிஸ் பந்து என்பது ஒட்டிய இரண்டு ரப்பர் அரைக்கோளங்கள். உள்ளே காற்று. தரையில் மோதியதும் ரப்பரும் நசுங்கும், உள்காற்றும் நசுங்கும். காற்று தான் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும், ரப்பர் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணடிக்கும். வழக்கமான டென்னிஸ் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும் என்பது விதி. கொடுத்த ஆற்றலில் பாதிக்குச் சற்று அதிகம்தான் திரும்பி வருகிறது.

டப்பாவில் அடைத்து வரும் பந்தில், பங்க்சர் கடைக் கணக்கில் சொன்னால், 12 பவுண்டு அளவுக்குக் காற்று இருக்கும். டப்பாவைத் திறக்கும்போது வரும் 'புஸ்' சத்தம் டப்பாவுக்குள்ளும் அதே அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்ததற்கு அடையாளம். திறந்தபின் ரப்பரின் வழியாகவே காற்று மெல்லக் கசியும். ஆடாமல் அலமாரியில் வைத்தாலும் சில வாரங்களில் பந்து சொத்தையாகிவிடும். கிரிக்கெட்டுக்கென்று டப்பா இல்லாமல் விற்கும் பந்துகளில் பெரும்பாலும் இந்தக் கூடுதல் அழுத்தம் இருக்காது, தடித்த ரப்பர் சுவர்தான் துள்ளலைத் தருகிறது. அதனால் நாள்பட உழைக்கும். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது வீண் சடங்கல்ல. ஒரே பெட்டியிலுள்ள ஆறு பந்தையும் அமுக்கிப் பாருங்கள். கடினம் ஆளுக்கொரு மாதிரி இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

இதுவரை சொன்னது சமவெளிக் கதை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் என்றால் ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேல். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போய்ப் பையைத் திறந்தால், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே காற்றழுத்தம் 13 சதவீதம் போலக் குறைந்துவிட்டது, உள்ளே அடைபட்ட காற்று அப்படியே இருக்கிறது. பையிலிருக்கும் பந்துக்கும் அதேதான் நடக்கிறது. வெப்பநிலை மாறாவிட்டால் 12 பவுண்டு பந்து மேலே போனதும் 14 பவுண்டு பந்துபோல நடந்துகொள்ளும்.

டென்னிஸ் உலகம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. 1,219 மீட்டருக்கு மேல் ஆடும்போது தனி வகைப் பந்துகளைப் பயன்படுத்தலாம். ஏற்காடு தாராளமாக அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஒரு வகை, 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 122 முதல் 135 வரை மட்டுமே எழும்பும் அடக்கமான பந்து. இன்னொன்று உள்ளும் வெளியும் ஒரே அழுத்தமுள்ள பந்து. அதைக் குறைந்தது 60 நாள் அந்த உயரத்திலேயே வைத்திருந்துதான் ஆட வேண்டும் என்கிறது விதி. முதலில் படித்தபோது சடங்குபோலத் தோன்றியது. யோசித்தால் காரணம் எளிது: கீழே செய்த பந்துக்குள் கீழ்க்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். மலைக்காற்றோடு சமமாக, ரப்பர் வழியே கசிந்து வெளியேற அதற்கு அத்தனை நாள் பிடிக்கிறது.

காற்றின் இழுவையும் மேலே குறைகிறது, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அழுத்தம் 13 சதவீதம் குறைந்தாலும் குளிர் காற்றைக் கொஞ்சம் நெருக்கிவிடுவதால் அடர்த்தி குறைவது 10 சதவீதத்தை ஒட்டித்தான். 70இல் வந்த லைட் பால் ஏற்காட்டில் 72இல் வரும். அவ்வளவே. குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது: உள்காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, ரப்பரையும் மந்தமாக்குகிறது. உயரம் கொடுத்த துள்ளலில் ஒரு பங்கை அது பிடுங்கிக்கொள்ளும். காலைப் பனியில் சவமாகக் கிடந்த பந்து மதிய வெயிலில் உயிர்பெறுவதற்கு ஆடுகளத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

டேப் சுற்றுவதைப் பற்றியும் கேட்பார்கள். கராச்சித் தெருக்களில் பிறந்த பழக்கம் அது. இன்சுலேஷன் டேப் ரோமத்தை அமுக்கி இழுவையைக் குறைக்கிறது, சில கிராம் எடையும் கூட்டுகிறது. பாதிக்கு மட்டும் சுற்றினால் இரண்டு பக்கமும் காற்று வேறு வேறு இடத்தில் பிரிந்து பந்து வளையும். டேப் கிழிய ஆரம்பித்தால் எந்தப் பக்கம் வளையும் என்று வீசுபவருக்கே தெரியாது.

சந்துக்குள் ஆடுகிறவர்களுக்கு லைட் பால்தான். ஒரே வேகத்தில் வரும் வெயிட் பால் ஒன்றரை மடங்கு ஆற்றலோடு ஜன்னலையும் மூக்கையும் சந்திக்கும். பெரிய மைதானம், நல்ல மட்டை, காலுக்குப் பேட் கட்டிய ஆட்கள் என்றால் வெயிட் பால். மேலே ஏற்காட்டில் போட்டி நடத்துகிறவர்கள் டப்பாப் பந்தைத் தவிர்த்துவிட்டு, தடித்த சுவர்ப் பந்தை முடிந்தால் இரண்டு மாதம் முன்பே வாங்கி மேலே கொண்டுபோய் வைத்துவிடலாம். எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடும்போது மூடுபனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லில் பத்து ஓவர் உருண்ட பந்தின் ரோமம் தண்ணீர் குடித்து, லைட் பாலாக வாங்கியது வெயிட் பாலாகிவிடும். இன்னிங்ஸுக்கு ஒன்று போதாது, உலர்ந்த துணியோடு இரண்டாவது ஒன்றும் நடுவர் கையில் இருக்கட்டும்.