பத்துப் பெயர் என்றால் பத்துப் பேரா?

போன வாரம் திருத்திய வரலாற்று ஆய்வேட்டில் மறுபடியும் அதே வட்ட வரைபடம். 1769இல் லண்டன் 'பப்ளிக் அட்வர்டைசர்' நாளிதழில் வந்த கடிதங்களை எண்ணி, அரசை ஆதரித்த "மக்கள்" இவ்வளவு, எதிர்த்த "மக்கள்" இவ்வளவு என்று வண்ணம் தீட்டியிருந்தது. எதிர்த்தவர்கள் பட்டியலில் ஜூனியஸ் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், ஃபிலோ ஜூனியஸ் இன்னொருவர். சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். இந்த ஆண்டில் இது நான்காவது.

ஃபிலோ ஜூனியஸ் வேறு ஆள் இல்லையப்பா! ஜனவரியில் ஜூனியஸாக வந்தவர், ஜூனிலேயே இரண்டாவது பெயர் வைத்துக்கொண்டு தனக்குத் தானே வக்காலத்து வாங்கினார். அந்த நாளிதழை அச்சிட்ட வுட்ஃபால் 1771இல் எழுதியவரின் சம்மதத்தோடு இதைப் பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கடிதங்கள் நூலாக வந்தபோது அதன் முன்னுரையிலும் இருக்கிறது; தீங்கில்லாத ஏமாற்று என்று சமாதானம் வேறு. முன்னுரையைப் புரட்டாமல் முடிவுரை எழுத எப்படித்தான் மனசு வருகிறதோ.

ஒரே பக்கத்தில் ஐந்து லத்தீன் பெயர்கள் இருந்தால் லண்டனே பொங்கி எழுந்தது என்று அர்த்தமில்லை. ஒரே ஆள், ஒரே மைக்கூடாக இருக்கலாம். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் இருந்த காலத்தில் அங்குள்ள பத்திரிகைகளுக்கு எத்தனை பெயர்களில் எழுதினார்! எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். 1765இல் 'ஆன்டி-செஜானஸ்' என்று எழுதியவர் அரசியல்வாதியான சாண்ட்விச் பிரபுவுக்காகப் பேனா பிடித்த ஒரு பாதிரியார். வாசகர் வேடம், அவ்வளவுதான்.

பெயர் இல்லாததால் யாருக்கும் ஆபத்தில்லை என்றும் எழுதாதீர்கள். 1769 டிசம்பர் 19 அன்று அரசருக்கு ஜூனியஸ் எழுதிய கடிதம் வந்தது. மறு ஆண்டு ஜூனில் கூண்டில் நின்றவர் வுட்ஃபால். "அச்சிட்டு வெளியிட்ட குற்றம் மட்டும்" என்று ஜூரி இழுத்ததால் தப்பினார். ஜூனியஸிடமிருந்து அவருக்கு வந்த தனிக் குறிப்புகளில் கையெழுத்து 'சி' என்ற ஓரெழுத்துதான். பதிலைக் காபிக் கடையில் வேறொரு பெயருக்கு விட்டுவைக்க வேண்டும்.

அப்புறம், ஜூனியஸ் கடிதங்களின் 1812 பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். வேறு பெயர்களில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை அதில் ஜூனியஸ் தலையில் கட்டியிருக்கிறார்கள். பலவற்றை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸோடு துப்பாக்கிச் சண்டை போட்ட பிலிப் பிரான்சிஸ்தான் ஜூனியஸ் என்று பலரும் கருதுகிறார்கள். நானும்தான். ஆனாலும் "கருதப்படுகிறார்" என்றே எழுதுங்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தயவுசெய்து அந்த வட்டத்தை எடுத்துவிடுங்கள், கண்ணு.