நோட்டிஃபிகேஷன் வரலைன்னா உடனே சாஃப்ட்வேர் அடிக்காதீங்க

மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்கள் இப்போது தினமும் கேட்கிற புகார் ஒன்று உண்டு. "அண்ணே, போன் நல்லாத்தான் இருக்கு, ஆனா நோட்டிஃபிகேஷனே வர மாட்டேங்குது." இதற்குப் பல கடைகளில் யோசிக்காமல் வருகிற பதில், "சாஃப்ட்வேர் அடிக்கணும், போனை விட்டுட்டுப் போங்க". தொழில்காரர்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். இந்தப் புகாரோடு வருகிற போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபிளாஷும் (சாஃப்ட்வேரை முழுசாகத் திரும்ப ஏற்றுவது) வேண்டாம், ரீசெட்டும் வேண்டாம். ரீசெட் செய்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். ஏனென்றால் போனில் பழுது எதுவும் இல்லை. பேட்டரியை மிச்சம் பிடி என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது பிடிக்கிறது.

யாராவது இந்தப் புகாரோடு வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வரவே இல்லையா, லேட்டாக வருகிறதா, சத்தம் இல்லாமல் வருகிறதா? மூன்றையும் மக்கள் "வரலை" என்றே சொல்வார்கள், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சத்தமில்லாமல் வருவதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11-லிருந்து செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்து வைத்தால் கடைசி 24 மணி நேரத்தில் போனுக்கு வந்ததெல்லாம் பட்டியலாகக் கிடைக்கும், நீங்கள் தள்ளிவிட்டதும் சேர்த்து. வரவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்களிடம் மறுநாள் அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினால் அசந்துபோவார்கள். எல்லாம் வந்திருக்கும், மணி அடித்திருக்காது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது? 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒவ்வொரு ஆப்பின் அறிவிப்புகளும் தனித்தனி வகைகளாகப் பிரிந்துவிட்டன. சேட்டுக்கு ஒன்று, குரூப்புக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று என்று. வந்த நோட்டிஃபிகேஷனைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் 'சைலன்ட்' என்று ஒரு பட்டன் வரும். குழந்தை விளையாடும்போது விரல் பட்டால் போதும், அந்த வகை மொத்தமும் ஊமையாகிவிடும். ஒருமுறை நீங்கள் சைலன்ட் ஆக்கியதை அந்த ஆப் தானாகத் திரும்ப சத்தம் போட வைக்க முடியாது, அப்டேட் செய்தாலும் முடியாது. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோவுக்குப் போய், நோட்டிஃபிகேஷன்ஸைத் திறந்து ஒவ்வொரு வகையாகப் பார்க்க வேண்டியதுதான். மேலே இருக்கிற பெரிய பட்டன் ஆனில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் ஆன்லதான் இருக்கு" என்று சொல்லக் கூடாது.

தையல் கடை வைத்திருக்கிற ஒரு அக்காவின் போன் இன்னொரு விதம். ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும், பாதிப் பேருடைய மெசேஜுக்கு மட்டும் சத்தமே இல்லை. "தம்பி, காலையில அனுப்பினேன்கிறாங்க, நான் ராத்திரிதான் பார்க்கிறேன்." திறந்து பார்த்தால், வேலை முடிந்த வாடிக்கையாளர்களின் சேட்களையெல்லாம் லிஸ்ட் சின்னதாக இருக்கட்டும் என்று அவருடைய மகன் ஆர்க்கைவ் செய்து வைத்திருக்கிறான். 2021-லிருந்து வாட்ஸ்அப்பில் ஆர்க்கைவ் செய்த சேட் புது மெசேஜ் வந்தாலும் மேலே வராது, மணியும் அடிக்காது. சேட் செட்டிங்ஸில் 'கீப் சேட்ஸ் ஆர்க்கைவ்டு' என்பதை ஆஃப் செய்ததும் வேலை முடிந்தது. அந்த அக்கா அதற்கு முன் வேறு இடத்தில் ஸ்பீக்கர் மாற்றியிருந்தார், காசு கொடுத்து.

இனி லேட்டாக வருகிற கேஸ். இதுதான் அதிகம், இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடையாளம் சுலபம்: ஆப்பைத் திறந்தவுடன் அதுவரை வராமல் கிடந்ததெல்லாம் டங்கு டங்கென்று ஒன்றாகக் கொட்டும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் 'டோஸ்' என்ற தூக்க முறை சேர்ந்தது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், ஆடாமல் அசையாமல் கிடக்கும் போன் மெல்லத் தூங்கப் போய்விடும், ஆப்களை எப்போதாவது ஒருமுறைதான் நெட்டுக்குப் போக விடும். அந்த நேரத்திலும் அவசர மெசேஜ் வர வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆப்களின் அறிவிப்பும் கூகுள் பிளே சர்வீசஸ் வைத்திருக்கிற ஒரே இணைப்பு வழியாகத்தான் வருகிறது, தெருவுக்கு ஒரே தபால்காரர் மாதிரி. அவசரம் என்று குறித்து அனுப்பப்பட்டால் தூங்குகிற போனையும் அவர் எழுப்பிக் கொடுத்துவிடுவார். கூகுள் போட்ட கணக்கு இவ்வளவுதான். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் "எங்கள் போனில் பேட்டரி இரண்டு நாள் நிற்கும்" என்று காட்ட தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டிருப்பதுதான் நம்மூரில் தலைவலி.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோவில் ஆப் இன்ஃபோவுக்குள் 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் ஆக வேண்டும், அதே பக்கத்தில் பேட்டரி சேவரை 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பத்தாது. ஓப்போ, ரியல்மியில் பேட்டரி யூசேஜுக்குள் 'அலோ ஆட்டோ லாஞ்ச்', 'அலோ பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி' இரண்டும். விவோவில் பேட்டரிக்குள் பேக்கிரவுண்ட் பவர் என்று தொடங்குகிற மெனு. சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்று இரண்டு பட்டியல் உண்டு. சில நாள் தொடாத ஆப்பைப் போனே அதில் தள்ளிவிடும், டீப் ஸ்லீப்பில் விழுந்தது நீங்கள் திறக்கிற வரை எழுந்திருக்காது. வேண்டிய ஆப்பை எடுத்து 'நெவர் ஸ்லீப்பிங்' பட்டியலில் போடுங்கள். மாடலுக்கு மாடல் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'பேட்டரி' என்று அடித்தால் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எல்லா ஆப்புக்கும் இப்படித் திறந்துவிடச் சொல்லவில்லை. ஷாப்பிங் ஆப் தூங்கட்டும், நல்லதுதான். வாட்ஸ்அப், பேங்க் ஆப், வண்டி ஓட்டுபவர் என்றால் அவருடைய ரைடு ஆப், இப்படி நாலைந்துக்கு மட்டும் போதும். பைக் டாக்ஸி ஓட்டுகிற தம்பிகள் பலர் பேட்டரி வீக்காகிவிட்டது என்று நாள் முழுக்க பேட்டரி சேவரைப் போட்டு வைத்துவிட்டு, ரைடு வரும்போது மணி அடிக்கவில்லை என்பார்கள். அங்கே மாற்ற வேண்டியது பேட்டரியை.

அப்புறம் நம் கை. ரீசன்ட்ஸ் (சமீபத்தில் திறந்த ஆப்களின் பட்டியல்) திறந்து எல்லாவற்றையும் 'க்ளியர் ஆல்' செய்வது பலருக்கு பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது. சில கம்பெனி போன்களில் அது ஆப்பை முழுசாகக் கொன்றுவிடுகிறது. 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்தாலோ எந்தப் போனாக இருந்தாலும் நீங்கள் மறுபடி திறக்கிற வரை அந்த ஆப்புக்கு ஒரு நோட்டிஃபிகேஷனும் வராது. ரேம் க்ளீனர், பூஸ்டர் என்று தனியாக ஆப் போட்டு வைத்திருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள்.

சரி செய்த பிறகு சோதிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, கடைக்காரர்களே கோட்டை விடுவது இங்கேதான். சார்ஜரில் போட்டு, திரை எரிய எரிய ஒரு மெசேஜ் அனுப்பினால் டிங் என்று வந்துவிடும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போய்விடுவார். சார்ஜரில் இருக்கும் போன் தூங்கவே தூங்காதே! சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, மேசையில் ஒரு மணி நேரமாவது தொடாமல் வைத்துவிட்டு அப்புறம் அனுப்பிப் பாருங்கள்.

வரவே வராத கேஸில் பெரும்பாலும் அனுமதிதான் கோளாறு. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து புது ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். நாம் அவசரத்தில் 'டோன்ட் அலோ' தட்டிவிடுவோம், இரண்டு முறை தட்டினால் அது பிறகு கேட்காது. மாதக்கணக்கில் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போனே பிடுங்கிவிடுவதும் உண்டு. வீட்டில் வருகிறது, ஆபீஸ் வைஃபையில் வரவில்லை என்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள், சில அலுவலக நெட்வொர்க்குகளில் முன்பு சொன்ன கூகுளின் தபால் வழியை அடைத்து வைத்திருப்பார்கள். புதுப் போனுக்கு மாற்றிய பிறகு நின்றுபோனால் லாக் அவுட் செய்து திரும்ப நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீடியோ பார்த்து 'க்ளியர் டேட்டா' மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேக்கப் எடுக்காத சேட்டெல்லாம் போய்விடும், யுபிஐ ஆப்பில் சிம் சரிபார்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 'க்ளியர் கேஷ்' வேறு, அது தற்காலிக ஃபைல்களை மட்டும்தான் நீக்கும், ஆபத்தில்லை.

ஐபோன்காரர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அறிவிப்புகளை அடக்கி வைக்கிற 'ஃபோகஸ்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், 'ஷெட்யூல்டு சம்மரி'யில் அந்த ஆப் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவதில் சிக்கினால் மெசேஜ் குறித்த நேரத்தில் மொத்தமாகத்தான் வரும்.

உடம்பு சம்பந்தப்பட்ட ஆப் என்றால் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. கையில் ஒட்டுகிற சர்க்கரை சென்சார் போட்டவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் போன்தான் அலறி எழுப்ப வேண்டும். போன் செட்டிங்ஸ் மாறியதால் அந்த எச்சரிக்கைகள் கேட்காமல் போகின்றன என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் பொது அறிவிப்பே வெளியிட்டது. போன் அப்டேட் ஆன பிறகும், புது ப்ளூடூத் ஹெட்செட் இணைத்த பிறகும் அலர்ட் கேட்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் பார்த்துக் கொடுங்கள், அவர்களால் இந்த மெனுவுக்குள் போய்வர முடியாது.

கடைசியாக ஒன்று, இதில் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டு உட்காரக் கூடாது. மற்றதெல்லாம் வருகிறது, பேங்க் எஸ்எம்எஸ்ஸும் ஓடிபியும் மட்டும் திடீரென்று நின்றுவிட்டது என்றால், முதலில் சிக்னல் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் அதே கம்பெனி சிம் வேலை செய்து உங்களுடையது மட்டும் செத்துக் கிடந்தால் யாராவது உங்கள் நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம், சிம் கம்பெனிக்கு வேறு போனிலிருந்து உடனே பேசுங்கள். சிக்னல் இருந்தால், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் வந்த ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக ஏற்றுகிற ஃபைல்) யாராவது தட்டினார்களா என்று வீட்டில் கேளுங்கள். அந்த மாதிரி ஆப்கள் எஸ்எம்எஸ் அனுமதியையோ, நோட்டிஃபிகேஷன் படிக்கிற அனுமதியையோ வாங்கிக்கொண்டு, வருகிற ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் கண்ணில் படாமல் அழித்துவிடக் கூடியவை. நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் வகுத்த கணக்கு இது, இப்போது எப்படி என்று பேங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்: பேங்க் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை, வெளியாள் புகுந்து எடுத்தான் என்றால், பேங்கிலிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் இல்லை. உங்கள் கவனக்குறைவால் போனது என்றாலோ புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் தலையில், கொடுத்த பிறகு போவது பேங்க் தலையில். போனை எங்கள் கடைக்கு எடுத்து வருவதை அந்த அழைப்பை முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.