ஏரி உறைந்துவிட்டது, ஸ்னோமொபைலைத் தாங்குமா?

வலிகாமத்து ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய பிள்ளைகள், கனடா போன முதல் வின்ரரிலேயே பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வீடியோவைப் பார்க்கும் பெற்றோருக்கு அதன் வேகம்தான் பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், இங்கே பழகிய கை அங்கே பிழையாக வேலை செய்வது.

இந்த வண்டிக்குச் சில்லு இல்லை. முன்னால் பனியில் வழுக்கி வண்டியைத் திருப்பும் இரண்டு ஸ்கீப் பலகை, பின்னால் அகலமான றப்பர் பட்டி. ஆளோடு 330 கிலோ என்று வைத்தாலும், அந்தப் பாரம் சுமார் 0.7 சதுர மீற்றரில் பரவிவிடும். சதுர சென்ரிமீற்றருக்கு 50 கிராமும் வராது. நடப்பவரின் ஒற்றைப் பாதத்தின் கீழோ அது 350 கிராமளவில் இருக்கும். ஆள் புதையும் பனியில் வண்டி மேலால் போவது இதனால்தான். 1934இல் பனி வழியை அடைத்ததால் மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்த கியூபெக்காரர் ஜோசப் ஆர்மன் பொம்பார்டியர், பட்டியை இயக்கும் பற்சில்லு அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார்.

மோட்டார் சைக்கிளில் கைப்பிடியை முறுக்குவோம். இதில் வலது பெருவிரலால் ஒரு நெம்பை அமத்த வேண்டும். பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் பெருவிரலும் சேர்ந்து அமத்தி, வேகம் கூடிவிடும். வண்டியில் இருந்து உடுப்பில் கொழுவும் கயிற்றை ஒருபோதும் மறக்கக் கூடாது. ஆள் விழுந்தால் அது இழுபட்டு எஞ்சினை நிறுத்தும். வளைவில் வேகத்தைக் கூட்டினால் பாரம் பின்னுக்குப் போய், ஸ்கீ பிடிப்பை இழக்கும்; வண்டி நேரே போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து உடம்பை உள்பக்கம் சரிக்க வேண்டும். பிறேக்கும் பட்டியை மட்டுமே பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும்போது, கண் கண்டு கை பிறேக்கை அமத்த ஒன்றரை விநாடி எடுத்தால் அதற்குள் 25 மீற்றர் போய்விடும். ஒன்ராறியோவின் ஸ்னோமொபைல் பாதைகளில் சட்டம் விடும் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். இருட்டில் அதுவே அதிகம் என்பது என் எண்ணம்.

உண்மையான ஆபத்து ஏரியில்தான். நன்னீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தி. எங்கள் நிலாவரைக் கிணற்றில் உவர்நீர் கீழேயும் நன்னீர் மேலேயும் நிற்பதுபோல, ஏரியிலும் 4 பாகை நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. ஐஸின் தடிப்பு பாதியானால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். ஸ்னோமொபைலுக்குக் கனடாவில் சொல்லப்படும் அளவு, தெளிந்த ஐஸில் 25 சென்ரிமீற்றர். வெள்ளையாக இருக்கும் ஐஸ் காற்றுக் குமிழிகள் கலந்தது. அதன் பலம் பாதிதான். ஆறு வந்து விழும் இடத்திலும் பாலத்தின் கீழும் ஓட்டம் ஐஸைத் தடிக்க விடாது. மேலே பனி மூடிக் கிடந்தால் குளிர் உள்ளே இறங்காது. அங்கேயும் ஐஸ் மெல்லிசாகவே இருக்கும். துளையிட்டு அளக்காமல், நேற்று ஒருவர் ஓடினார் என்று நம்பி இறங்குவது பெரும் பிழை.

உடைந்து விழுந்துவிட்டால்? முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும்; அதை அடக்குவதுதான் முதல் வேலை. பிறகு கைகால் சொல்வழி கேட்க ஏறத்தாழ 10 நிமிடம் இருக்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம்வரை ஆகலாம், ஆனால் கை விறைத்த பிறகு அந்த நேரத்தால் பெரிய பயனில்லை. ஆகவே அந்த 10 நிமிடத்துக்குள், வந்த பக்கத்து விளிம்பில் கைகளை ஊன்றி, கால்களை நீச்சலடிப்பதுபோல உதைத்து மேலே வர வேண்டும். வந்ததும் எழும்பக் கூடாது. உருண்டே வந்த வழியால் திரும்ப வேண்டும்.