‘தனிநபர் விவரம்’ என்று மறுத்தால் என்ன செய்வது? தகவல் உரிமைச் சட்டத்தில் வந்துள்ள மாற்றம்

அரசு வீட்டுத் திட்டத்தில் தம் ஊராட்சியில் யார் யாருக்கு வீடு ஒதுக்கப்பட்டது என்று கேட்டு மனுச் செய்த ஒருவர், தமக்கு வந்த பதிலை அண்மையில் என்னிடம் காட்டினார். பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான வரிகளுக்குக் கீழே, "கோரப்பட்டுள்ள தகவல் தனிநபர் விவரம் என்பதால் வழங்க இயலாது" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள், யாரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பவை அதில் இல்லை. இத்தகைய மறுப்புக்குச் சட்டத்தில் இப்போது முன்பைவிட வலுவான பிடி கிடைத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மனுதாரர் அதோடு ஓய்ந்துவிட வேண்டியதில்லை.

2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எந்தெந்தத் தகவல்களை மறுக்கலாம் என்று வரையறுக்கிறது. அதன் முதல் உட்பிரிவில் ‘ஜெ’ என்ற கூறு தனிப்பட்ட தகவல்களைப் பற்றியது. ஒருவரின் தனிப்பட்ட தகவல் என்பதற்காக மட்டும் எதையும் மறைத்துவிட முடியாதபடி அது எழுதப்பட்டிருந்தது. அந்தத் தகவலுக்குப் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பு இல்லாதிருக்க வேண்டும், அல்லது அதை வெளியிடுவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாக இருக்க வேண்டும். அப்போதும்கூட, பெரும் பொதுநலன் இருப்பதாக, மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் கருதினால் அவரே தகவலைத் தந்துவிடலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்பும் இருந்தது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவால் இவை அனைத்தையும் நீக்கி, ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’ என்ற சில சொற்களை மட்டும் அந்த இடத்தில் வைத்தது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பயனாளியின் பெயரும், ஒப்பந்ததாரரின் பெயரும், கோப்பில் கையொப்பமிட்ட அதிகாரியின் பெயரும் ஒருவகையில் தனிப்பட்ட தகவல்கள்தாம் என்பதால், இந்தச் சொற்களின் வீச்சு எவ்வளவு பெரியது என்பதை விளக்கத் தேவையில்லை.

அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்ற கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகக் கூறியது. ஊராட்சி அலுவலகத்துப் பதிவேட்டில் இருந்த ஒரு பெயரை ஊர்க்காரர் நாலு பேர் பார்ப்பதும், அதே பெயர் கைபேசி எண்ணோடும் வங்கிக் கணக்கு எண்ணோடும் இணையத்தில் ஏறி, எங்கிருந்தோ ஒருவர் தேடி எடுத்து ஏமாற்றப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. ஏழை என்பதற்காக ஒருவர் தம் நோயையோ கடனையோ ஊரறியச் சொல்லித்தான் உதவி பெற வேண்டும் என்பதும் நியாயமல்ல. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதை 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் ஏற்கெனவே தடை செய்திருக்கிறது.

ஆனால் பெயரே சான்றாக நிற்கும் இடங்கள் உண்டு. தகவல் உரிமை இயக்கம் வளர்ந்ததே அப்படித்தான். 1990களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-உழவர் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில், பொதுப்பணிகளின் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் ஊரார் முன் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயரிலும் இறந்துபோனவர்களின் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. பெயர்களை மறைத்து, மொத்தத் தொகையை மட்டும் காட்டியிருந்தால் அந்தப் பதிவேடு குறையற்றதாகவே தெரிந்திருக்கும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பொது விநியோகத் திட்டப் பதிவேடுகளைப் பொதுவில் வைத்துப் பார்வைக்குத் திறந்திருக்கச் செய்ய வேண்டும் என்று 27ஆம் பிரிவில் சொல்வதற்கும் இதுவே காரணம் என்பேன்.

திருத்தத்துக்குப் பிறகும் மாறாமல் இருப்பது 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. காக்கப்படும் நலனுக்கு ஏற்படும் தீங்கைவிடத் தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் மேலோங்கினால், தகவலை வைத்திருக்கும் அரசு அமைப்பு (பொது அதிகார அமைப்பு) அதைத் தரலாம் என்கிறது அது. இது போதும் என்பது அரசின் வாதம். என் கருத்தில் இது பழைய பாதுகாப்புக்கு ஈடாகாது. ஏனெனில் ‘தரலாம்’ என்ற சொல் முடிவை அமைப்பின் விருப்பத்துக்கு விடுகிறது. பொதுநலனை எடைபோடுமாறு தகவல் அலுவலருக்கே நேரடியாகச் சொன்ன வாசகமும் போய்விட்டது. எனினும், கையில் இருக்கும் வழி இது என்பதால் இதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6ஆம் பிரிவு கூறுவது இன்றும் செல்லும். ஆயினும் மறுக்க வாய்ப்புள்ள தகவலைக் கேட்கும்போது, பொதுநலனை மனுவிலேயே இரண்டு வரிகளில் எழுதிவிடுவது நல்லது. "இப்பட்டியல் அரசு நிதி செலவிடப்பட்ட விதத்தைச் சரிபார்க்கத் தேவைப்படுவதால், பிரிவு 8(2)-இன்படி பரிசீலிக்கக் கோருகிறேன். ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, பிரிவு 10-இன்படி எஞ்சிய பகுதியை வழங்குக" என்று எழுதலாம். ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டிய வரிகளை மறைத்து மற்றதைத் தர வேண்டும் என்பதே 10ஆம் பிரிவின் சாரம் என்பதால், ஓரிரு எண்களுக்காக முழுப் பட்டியலையும் மறுப்பது கடினமாகிவிடும். கேள்வியை ஆளைச் சுற்றி அமைக்காமல் பணியைச் சுற்றி அமைப்பதும் உதவும்: இன்ன அதிகாரியின் பணிப்பதிவேடு என்று கேட்பதைவிட, இன்ன சாலைப் பணியில் முடிந்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், பில் தொகை வழங்கிய நாள், ஒப்புதல் ஆணை என்று கேளுங்கள்.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டியே செலுத்தலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. பதிலுக்குக் காலவரம்பு 30 நாள், உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலானால் 48 மணி நேரம்.

மறுப்பு வந்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். மறுப்புக்கான காரணத்தையும், மேல்முறையீட்டுக் கால அளவையும், மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதையும் தெரிவிக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை என்று பிரிவு 7(8) சொல்கிறது. தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த ஒற்றை வரிப் பதில் இதிலேயே தவறுகிறது, மேல்முறையீட்டில் அதை முதல் காரணமாகக் காட்டலாம். அங்கும் பயனில்லையென்றால், மாநில அரசுத் துறைகளைப் பொறுத்தவரை 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்ப வேண்டும். அதில் பிரிவு 19(5)-ஐத் தவறாமல் குறிப்பிடுங்கள்: தகவலை மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருக்கு இல்லை, மறுத்த அலுவலருக்கே உண்டு.