பாக்கெட்டின் தேதி வரும்முன் கிளம்பிவிடும் மேலாளர்

மசாலாத்தூள், ரெடிமிக்ஸ், முறுக்கு, மிக்சர் செய்யும் நடுத்தர ஆலைகளில் புதுப் பொருள் உருவாக்கும் பிரிவு என்றால் ஒரு மேலாளர், அவருக்குக் கீழே ஒன்றிரண்டு டெக்னாலஜிஸ்ட், அவ்வளவுதான். அந்த மேலாளர் ஒருநாள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அல்லது மகப்பேறு விடுப்பில் போவார். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 26 வாரம். அந்த இடைவெளியில் ஒப்பந்தத்தில் போய் உட்காருவதுதான் என் வேலை. இதற்கு வரலாமா என்று கேட்கும் ஜூனியர்களுக்கும், இப்படி ஆள் தேடும் முதலாளிகளுக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

போன அன்றே முதலாளி கேட்பது ஒன்றுதான்: "மேடம், தீபாவளிக்குள்ள ரெண்டு புது அயிட்டம் வேணும்." தப்பில்லை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் முதல் சில வாரம் புதிதாக எதையும் தொடாமல் உற்பத்தித் தளத்தில் நின்று பாருங்கள். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பொருளை எப்படிச் செய்கிறார்கள், செய்முறைக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்த ஆலையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஓர் ஆலையில் ரவா இட்லி மிக்ஸ். இட்லி உப்பவில்லை என்று புகார் வருகிறது, ஆனால் எல்லா பேட்சிலும் (ஒரே தடவையில் கலக்கும் அளவு) இல்லை. பழைய மேலாளர் இருந்தபோது இந்தப் பிரச்சினையே இல்லை என்றார்கள். கோப்பில் "வறுத்த ரவையை ஆறவிட்டு, சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்க்கவும்" என்று இருந்தது. ஆறவிட்டு என்றால் எவ்வளவு? பகல் ஷிப்டில் கலக்கும் மெஷினை ஓட்டும் பெரியவரிடம் கேட்டேன். "குவியலுக்கு நடுவுல கைய விட்டுப் பாப்பேம்மா, புறங்கையில சூடு தெரியக்கூடாது" என்றார். இரவு ஷிப்டில் இருந்தவர் புதுப் பையன். மேலே தொட்டால் ஆறித்தான் இருக்கும், உள்ளே அனல் அப்படியே நிற்கும். சோடா உப்பு 50 டிகிரியைத் தாண்டினாலே சிதையத் தொடங்கும். போதாததற்குச் சூட்டோடு மூடிய மூட்டைக்குள் ஆவி வியர்த்து ஈரமானால், சோடாவும் அமிலமும் அங்கேயே சேர்ந்து, இட்லியை உப்ப வைக்க வேண்டிய வாயுவை விட்டுவிடும். வாடிக்கையாளர் வீட்டு இட்லிப் பானைக்கு எதுவும் மிஞ்சாது. பெரியவரின் புறங்கையை எண்ணாக மாற்றினோம்: குவியலின் நடுவில் கம்பித் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்து 35 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டம். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவுமில்லை. அந்த ஆலையில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று, பர்ச்சேஸ் பிரிவு. மேலாளர் நாற்காலி காலியாக இருக்கும் நேரத்தில்தான் சப்ளையர்கள் மாறுவார்கள், ஏனென்றால் தடுத்துக் கேட்க ஆள் இல்லை. நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பெருங்காயம். நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசின், மாவு எல்லாம் சேர்ந்தது. ஒருவர் அரிசி மாவு சேர்ப்பார், இன்னொருவர் மைதா சேர்ப்பார். கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறதென்று மாற்றி வாங்கினால் ருசியில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சாம்பார் பொடிக்குள் கோதுமை வந்துவிடுகிறது, லேபிளில் அது இல்லை. கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, நிலக்கடலை, பருப்புக்கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சல்ஃபைட் ஆகியவற்றை லேபிளில் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 விதிமுறை. குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள ஒரு குழந்தையின் அம்மா அந்தச் சின்ன எழுத்தை நம்பித்தான் பாக்கெட்டை வாங்குகிறார்.

பொருளுக்குள் இருக்கும் பொருள்தான் ஏமாற்றும். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில், உணவில் சேர்க்கக்கூடாத சூடான் 1 சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு வூஸ்டர் சாஸுக்குள் போயிருந்தது தெரியவந்தது. அந்த சாஸ் சூப், பீட்சா, ரெடிமேட் சாப்பாடு என்று எங்கெங்கோ போயிருந்தது. கடைசியில் 400க்கும் மேற்பட்ட பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த உணவுகளைச் செய்தவர்களில் பலர் அந்த மிளகாய்த்தூளை வாங்கியிருக்கவில்லை, சாஸ்தான் வாங்கினார்கள்.

சரி, புது அயிட்டத்துக்கு வருவோம். நம் ஒப்பந்தம் ஆறு மாதம். பாக்கெட்டில் போடும் ஆயுளும் ஆறு மாதம். அந்தத் தேதி உண்மையா பொய்யா என்று தெரியவரும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். இடைக்கால வேலையின் பெரிய ஆபத்து இதுதான். "பக்கத்து பிராண்டு ஆறு மாசம் போடுறான், நாமளும் போட்டுடலாம்" என்பார்கள். அவனுடைய எண்ணெய் வேறு, கவர் வேறு, கவருக்குள் நைட்ரஜன் வாயு அடைக்கும் விதம் வேறு. 40 டிகிரியில் வைத்துச் சோதித்து, 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் இரட்டிப்பு என்று கணக்குப் போடுவது ஒரு தொடக்கம் மட்டுமே. மிக்சர் சிக்கு வாடை அடிப்பதை ஓரளவு அது காட்டும். நமுத்துப்போவதோ கவர் எவ்வளவு ஈரத்தை உள்ளே விடுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் குறைந்த ஆயுளைப் போடச் சொல்கிறேன். சாதாரண அறை வெப்பத்தில் மாதிரிகளை வைத்து, எந்த மாதம் எதை யார் திறந்து பார்ப்பது என்று ஆள் பெயரோடு எழுதி வைக்கிறேன். மாதிரிகள் தேறிய பிறகு ஆயுளைக் கூட்டிக்கொள்ளட்டும். விற்பனைப் பிரிவுக்குக் கோபம் வரும், வரட்டும்.

கையெழுத்து விஷயத்தில் உஷார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 66ஆம் பிரிவின்படி தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பாளராகக் கம்பெனி ஒருவரை நியமிக்கலாம்; அதற்குப் படிவம் 9. பழைய மேலாளர் பெயர் அதில் இருந்தால், "அப்படியே உங்க பேரை மாத்திக்கலாம்" என்று காகிதத்தை நீட்டுவார்கள். தவறான லேபிளுக்கு மட்டும் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவென்றால் சிறை வரை போகும். ஒரு பேட்சை நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் தராத இடத்தில் அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்புறம், ரகசியம். அடுத்த கம்பெனிக்குப் போனதும் "அங்க என்ன போடுறாங்க மேடம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். டீ நன்றாகப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று எதிர்பார்த்திருந்த ஜூனியர் ஒருவர் எல்லா ஆலையிலும் இருப்பார். முதல் வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவரையே ஒரு முழு பேட்ச் ஓட்டச் சொல்வேன், கையில் கோப்பு மட்டும். நான் தளத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து என்னிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கோப்பில் விட்டுப்போன ஒரு வரி. அன்று மாலையே சேர்த்துவிடுவோம். முதலாளிகளே, ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை இந்த பேட்ச் தேறிய பிறகு கொடுங்கள்.