சிஸ்பிளாட்டின் பாட்டிலுக்குள் நடப்பது என்ன?

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை வெறும் டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசலில்) ஏன் கலக்கக் கூடாது? புற்றுநோய் மருந்து தயாரிக்கும் அறைக்குப் புதிதாக வரும் மருந்தாளுநர்கள் பலரும் கேட்பது இது. "லேபிளில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி வேலை நெருக்கடியில் முதலில் மறந்துபோகும்.

இந்த மூலக்கூறின் நடுவில் ஒரு பிளாட்டினம். அதன் நான்கு பக்கமும், ஒரே தளத்தில், இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும். குளோரைடுகள் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவை கழன்ற இடங்களில் டி.என்.ஏ.வின் பக்கத்துப் பக்கத்துக் குவானின்கள் (டி.என்.ஏ.வின் காரங்களில் ஒன்று) வந்து பிணைந்துகொள்ள, இழை வளைந்துவிடுகிறது. குளோரைடுகள் எதிரெதிரே இருந்தால் அது டிரான்ஸ்பிளாட்டின். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. மருந்தாக மட்டும் பயன்படாது.

சரி, குளோரைடு எப்போது கழலும்? ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் இருப்பதால் அங்கே பிணைப்பு பெரும்பாலும் நிற்கிறது. செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு; தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, மருந்து வேலையைத் தொடங்குகிறது. சலைன் (உப்புக் கரைசல்) சேராத டெக்ஸ்ட்ரோஸிலும் குளோரைடு கிடையாது. செல்லுக்குள் நடக்க வேண்டிய மாற்றம் பாட்டிலிலேயே ஆரம்பித்துவிடும்.

அலுமினியம் உள்ள ஊசியோ, மருந்தேற்றும் குழாய் செட்டோ பட்டாலும் வினை நடந்து கருப்பாக வீழ்படிவு வரும். கந்தகம் உள்ள தயோசல்பேட்டையும் கூடவே கலக்கக் கூடாது, அந்தக் கந்தகம் பிளாட்டினத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிஸ்பிளாட்டினால் குழந்தைகளின் கேட்கும் திறன் கெடாமல் காக்க அதே தயோசல்பேட்டைத் தருவதுண்டு. அதையும் சிஸ்பிளாட்டின் ஏறி முடிந்து 6 மணி நேரம் கழித்துத்தான் தருவார்கள். அப்புறம், ஃப்ரிட்ஜில் வைத்தால் மருந்து படிகமாகிவிடும்.

இதே வகை மருந்தான கார்போபிளாட்டினில் அந்த இரண்டு குளோரைடுகளுக்குப் பதில், ஒரே ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) இரண்டு முனைகளாலும் உலோகத்தைப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி லேசில் விடாது. அதனால் வினை மெதுவாக நடக்கிறது, டெக்ஸ்ட்ரோஸிலும் கலக்கலாம், தரும் அளவும் பல மடங்கு அதிகம். ஆபத்தும் இங்கேதான். பெயர் குழம்பி அந்த அளவில் சிஸ்பிளாட்டின் ஏறினால் உயிரே போகலாம். ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சிஸ்பிளாட்டின் எழுதிய சீட்டு வந்தால், எழுதிய மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்த பிறகே குப்பியைத் திறக்க வேண்டும்.