நாடி துடிக்கும், விரல் மரக்கும்

"நரம்பு ஊசி" என்று நாம் சொன்னாலும், அந்த ஊசி இறங்குவது சிரையில்தான். ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் பேச்சுத் தமிழில் ஒரே சொல். உடற்கூற்றியல் ஏற்காத இந்தக் குழப்பத்துக்கு அக்குளில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு: கைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியும், கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்புகளும் அங்கே ஒரே உறைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. மேற்கையின் உட்புறமாக முழங்கை வரை தொடரும் அந்தக் குறுகிய இடத்தின் சுவர் எளிதில் விரிந்துகொடுக்காது.

கத்திக்குத்தாலோ, தோள்மூட்டு விலகுவதாலோ, தமனி வழியாக வடிகுழாய் செலுத்திச் செய்யும் பரிசோதனையாலோ அந்தத் தமனியில் சிறு துளை விழலாம். வெளிக்காயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ரத்தம் கசிந்து உறைக்குள் கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது துளையோடு தொடர்பு அறாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் புகுந்து வெளியேறும் பையாகவே நிலைத்துவிடும். தமனிச் சுவரின் அடுக்குகள் இல்லாமல் சுற்றியுள்ள திசுவே அதற்குச் சுவராவதால், இதைப் போலித் தமனிவீக்கம் என்பர். எப்படியானாலும், விரியாத உறைக்குள் தேங்கும் ரத்தம் பக்கத்திலுள்ள நரம்புகளை அழுத்தும். கசிவின் வேகத்தைப் பொறுத்து, கை மரக்கத் தொடங்குவது சில மணி நேரத்திலும் நிகழலாம், சில வாரங்கள் கழித்தும் நிகழலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இதில் ஏமாற்றுவது மணிக்கட்டு நாடி. இதயம் சுருங்கும்போது தமனிக்குள் ரத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தில் பாய்கிறது. ஆனால் முயல்களில் நடந்த சோதனைகளில், நரம்பை 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்தியபோதே அதன் நுண்சிரைகளில் ஓட்டம் குறைந்தது, 60 முதல் 80க்குள் நின்றேபோனது. ஆகவே நாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே நரம்பு பட்டினி கிடக்க முடியும். போதாததற்கு, தோள்பட்டையைச் சுற்றியுள்ள கிளைக்குழாய்கள் மாற்றுவழியில் ரத்தம் அனுப்பி, சேதமடைந்த தமனியின் குறையையும் மறைத்துவிடும்.

உறைக்குள் இருக்கும் கை நரம்புகளில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது நடு நரம்பு (median nerve). ரேடியல் நரம்பு மேற்கையின் தொடக்கத்திலேயே பின்புறம் திரும்பிவிடுகிறது, அல்நார் நரம்பு பாதி வழியில் விலகுகிறது. நடு நரம்போ முழங்கை வரை தமனியை விட்டுப் பிரிவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். பிறகு சட்டைப் பொத்தான் போடுவது சிரமமாகும். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வளையம் செய்யச் சொன்னால், அது வட்டமாக வராமல் தட்டையாக நசுங்கி நிற்கும்.

ரத்த ஓட்டத்தைப் படமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் டாப்ளரோ சி.டி. ஆஞ்சியோவோ தேங்கிய ரத்தத்தைக் காட்டிவிடும். அறிகுறி தெரிந்த சில மணி நேரத்துக்குள் உறையைத் திறந்து, கட்டிய ரத்தத்தை அகற்றி, துளையையும் அடைத்துவிட்டால் நரம்பு மீள நல்ல வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் நரம்பிழைகளே சிதைந்துபோகின்றன. அவை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்; அக்குளிலிருந்து கட்டைவிரலின் அடித்தசை வரை அரை மீட்டர் என்று வைத்தாலும் 500 நாட்கள். நரம்பு அங்கே வந்துசேரும்போது, அத்தனை காலம் ஏவல் இல்லாமல் கிடந்த தசை பெரும்பாலும் நாராகியிருக்கும்.